புதனி வீட்டுப் பந்தி

ஏம்மா, நோட்டீசை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தா அதுல புதுசா ஊரு முளைச்சிருமா? இல்லைன்னா இல்லைதான். உங்க மாமியார் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்தப்போ இருந்துச்சு, இப்போ எடுத்தாச்சு. நேபாளத்துச் சித்வன்ல இந்தத் தடவை லாட்ஜுலதான் தங்கறோம். காலையில ஜீப்புல ஏத்திக் காண்டாமிருகம் காட்டுவாங்க, படகுல கூட்டிட்டுப் போய் முதலை காட்டுவாங்க, சாயங்காலம் அவங்களே மேடை போட்டு ஆடுவாங்க. பார்த்துட்டு முக்திநாத்துக்கு வண்டியைக் கிளப்பிற வேண்டியதுதான். அந்தக் கிராமத்துல தங்கறது, யானைக்குப் படையல் வைக்கிறது, அதெல்லாம் நிறுத்தியாச்சு.

ஏன்னு கேக்கறே. எல்லாரும் கேக்கறாங்க. கோரக்பூர்ல ஏறுனதுலேர்ந்து நீ நாலாவது ஆளு. சரி, லாரி நிக்கிற நிப்பைப் பார்த்தா இந்தச் சுனௌலி பார்டர்ல மத்தியானம் வரைக்கும் நம்ம வண்டி நகராது போலிருக்கு. உக்காரு, சொல்றேன். உங்க மாமியார் தூங்கறாங்கல்ல? தூங்கட்டும். அவங்க காதுல விழ வேணாம்.

என்னை உனக்குத் தெரியாது பாரு. கோமளத்தம்மான்னா சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி எல்லாப் பக்கமும் தெரியும். எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில இருந்தார். இட்டார்சியில பாதி ஆயுசு போச்சு. அங்க கத்துக்கிட்ட இந்திதான் இன்னிக்கு எனக்குச் சோறு போடுது. அவர் போனதுக்கப்புறம் ஒரு வேனைப் பிடிச்சுக் காசிக்கு ஆளு கூட்டிட்டுப் போனேன். அப்புறம் பஸ்ஸு. அப்புறம் நேபாளம். வருசத்துக்கு மூணு நடை. ஒரு உசுரை வழியில விட்டதில்லை, ஒருத்தருக்கு ஒரு வேளை சாம்பார் சாதம் தப்புனதில்லை. என் கூட வந்தவங்க யாரை வேணா கேளு.

அந்த ஊருக்குப் பேரு பகுலியா. காட்டை ஒட்டி, ஆத்தைத் தாண்டி இருக்கு. நாங்களா தேடிப் போகலை. மொத தடவை போனப்போ ரூம் தர்றேன்னு சொன்ன லாட்ஜுக்காரன் கையை விரிச்சிட்டான். பொழுது சாயுது, பஸ்ஸு வயக்காட்டு ஓரத்துல சேத்துல புதைஞ்சு கிடக்கு, நாப்பது பேரு பாத்ரூமுக்கு எங்க போறதுன்னு என் மூஞ்சியைப் பாக்கறாங்க. அப்போ ஒரு பொம்பளை, வெள்ளைச் சேலை, அங்க சுமங்கலியும் அதான் கட்டுவா, கை நிறைய வளையல், தலையில ஒரு குடம் தண்ணியோட வந்தா. இறக்கி வெச்சா. எங்களைப் பார்த்துச் சிரிச்சா. அவதான் புதனி.

தாரு ஆளுங்கன்னு சொல்லுவாங்க. காட்டோரத்துக்காரங்க. நாணலைக் கட்டி மண்ணு பூசுன வீடு, சுவத்துல மயிலும் யானையும் மண்ணாலயே புடைச்சு வெச்சிருப்பாங்க. தரை சாணி போட்டு மெழுகி, அப்படி ஒரு சுத்தம். என்ன, நத்தை திம்பாங்க. வாயில வெச்சு உறிஞ்சிக்கிட்டு இருப்பாங்க, எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். ஆனா நாங்க சுத்த சைவம்னு சொன்னதும் அந்தப் புதனி அந்தச் சட்டி பானை எல்லாத்தையும் தூக்கிக் கொல்லையில கொண்டுபோய் வெச்சிட்டா. அடுத்த நடை போறேன், எங்களுக்குன்னே புதுப் பானை வாங்கி வெச்சிருக்கா. மூணு நாளைக்கு அவ வீட்டுல மீன் வாசமே இருக்காது. இதெல்லாம் நான் கேக்கவே இல்லை. என்னைத் தீதி தீதின்னு, அக்கா அக்கான்னு, சுத்திக்கிட்டே இருப்பா. எனக்குக் கூடப்பொறந்தது யாரும் கிடையாது. சத்தியமாச் சொல்றேன், அவளை எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு.

புருசன் லோட்டன், லோட்டன் மகதோ. ஒரே மரத்தைக் குடைஞ்ச படகு வெச்சிருந்தான், ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஆத்துல போவான். வாயே திறக்க மாட்டான். கையை மட்டும் நீட்டுவான். நீட்டுற பக்கம் பார்த்தா நீள மூக்கு முதலை வெயில் காஞ்சுக்கிட்டு கிடக்கும், இல்லைன்னா மீன்கொத்தி. ஒரே ஒரு பொண்ணு, சுனைனா. பள்ளிக்கூடம் முடிச்சிட்டு இருந்துச்சு, கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு.

இந்த மிருகம் பாக்கற விசயத்துல நம்ம ஆளுங்களைப் பத்திச் சொல்றேன் கேளு. காண்டாமிருகம் தண்ணியில கிடக்கும், அஞ்சு நிமிசம் பாப்பாங்க, சலிச்சிரும். மான்னா அதுவும் இல்லை. வெளிநாட்டுக்காரன் ஒரு குருவிக்கு அரை நாள் உக்காந்திருப்பான், நம்ம ஆளுங்க காபி எப்போம்மான்னு கேப்பாங்க. ஆனா யானை! யானைன்னா நம்மளுக்கு வேற. பொறந்ததுலேர்ந்து கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. பழம் கொடுப்போம், தும்பிக்கையைத் தலையில வாங்கிப்போம், பிள்ளைகளை அது வயித்துக்கடியில நுழைய விடுவோம். நமக்கு அது மிருகமா? சாமில்ல?

ரெண்டாவது நடையில, சாயங்காலம், கடுகுக் காட்டுக்கு அந்தப் பக்கம் கோரைப் புல்லுக்குள்ள இருந்து ஒண்ணு வந்து நின்னுச்சு. ஒத்தைக் கொம்பன். இந்தப் பக்கக் கொம்பு பாதி ஒடிஞ்சிருக்கும். ஊர்க்காரங்க தகரத்தைத் தட்டிக்கிட்டு ஓடறாங்க. நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நாப்பது பேரும் கையைக் கூப்பிக் கோவிந்தான்னு ஒரே குரல்ல கூப்பிட்டாங்க. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. யாரோ ஒரு சீப்பு பழத்தை வரப்புல வெச்சிட்டு வந்தாங்க. நாங்க பின்னாடி வந்ததும் அது மெதுவா வந்து எடுத்துத் தின்னுட்டுப் போச்சு. ஒரு அட்டகாசம் இல்லை, ஒண்ணும் இல்லை. பெருமாளே வந்து வாங்கிக்கிட்டாருன்னு எல்லாரும் அழறாங்க. நானும்தான் அழுதேன்.

அடுத்த நடைக்கு நான் சும்மா போவேனா? நம்ம ஊரு கோயில்ல எப்படிக் கவளம் உருட்டுவாங்களோ அப்படியே செஞ்சேன். அரிசிச் சோறு, பாசிப்பயறு, வெல்லம், உப்பு, ஒரு கரண்டி நெய்யி. வாழை இலைக்கு எங்க போறது, அவங்க சாலமரத்து இலையில தையல் தட்டு தைப்பாங்க, அதுல வெச்சோம். வந்துச்சு. தின்னுச்சு. அதுக்கு அடுத்த நடையும் வந்துச்சு. கோவிந்தன்னு பேரு வெச்சோம். நோட்டீசுல போட்டேன், 'இமயமலை அடிவாரத்தில் ஆனைக்குப் படையல்'னு. உனக்கு என்ன தெரியும், மூணு ஜில்லாவுலேர்ந்து ஆளு வந்தாங்கம்மா. எனக்கு இடமே பத்தலை.

புதனி மொதல்ல சிரிச்சா. அப்புறம் சிரிக்கலை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கறப்போ சொன்னா, "தீதி, நீங்க இல்லாதப்பவும் அது வருது. அதே இடத்துல வந்து நின்னு தரையை மோந்து பாக்குது. ஒண்ணும் இல்லைன்னா கோவப்படுது. வேணாம் தீதி"ன்னு. நான் என்ன நினைச்சேன், இவளுக்கு எங்க ஆளுங்க மாதிரி பக்தி வரலை, அதான்னு நினைச்சேன். காட்டுக்குள்ளேயே பொறந்து வளர்ந்தவளுக்கு யானையைக் கண்டா பயமாம்! "அடி போடி, நாங்க இருக்கறப்போ பூனைக்குட்டியாட்டம் நிக்குது, உங்க ஆளுங்க தகரத்தைத் தட்டறதாலதான் அதுக்குக் கோவம்"னேன். அது நாம இல்லாதப்போ பசியோட வந்து ஏமாந்து போகுதேன்னு எனக்கு வருத்தமாப் போச்சு.

அதனாலதான் அந்த அமாவாசைக் கட்டளையை ஏற்பாடு பண்ணேன். நல்ல ஏற்பாடு. இப்பவும் சொல்றேன், நல்ல ஏற்பாடுதான். யாத்திரை வந்தவங்க ஊருக்குப் போயிருவாங்க. அவங்க வீட்டுப் பெரியவங்க திதிக்கு, அமாவாசைக்கு, அவங்க பேருல அங்க கவளம் வைக்கணும். யாரு வைப்பா? புதனிதான். அரிசி, வெல்லம் எல்லாம் மூட்டையா வாங்கிக் கொடுத்திட்டு வந்தேன். அவ வைக்கணும், போன்ல படம் எடுத்து எனக்கு அனுப்பணும், நான் அதை அந்தக் குடும்பத்துக்கு அனுப்புவேன். அவ்வளவுதான் வேலை. அவ மொதல்ல மாட்டேன்னா. லோட்டனும் தலையை ஆட்டுனான், வேணாம்னு. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டேன். "அப்படின்னா அடுத்த தடவை நாங்க வேற ஊர்ல தங்கிக்கிறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அப்புறம் சரின்னுட்டா. தீதி சொன்னாச் சரின்னுட்டா.

கொஞ்ச நாள் ஒழுங்காப் படம் வந்துச்சு. போன மாசி அமாவாசைக்கு வரலை. போனைப் போட்டேன். "தீதி, அது புல்லுக்குள்ளேயே நிக்குது, போகவே மாட்டேங்குது. சாயங்காலமானா நான் கொல்லைக்கே போறதில்லை"ன்னா. சரி போ, அந்த மாசம் விட்டுட்டேன். பங்குனி அமாவாசையும் வந்துச்சு. மத்தியானம் வரைக்கும் படம் இல்லை. இங்க ஒரு வீட்டுல தலைத் திதி. அவங்க வேற போனைப் போட்டுப் போட்டு, படம் வந்தாத்தான் நாங்க இலையில உக்காருவோம்னு இருக்காங்க. பாவம், வயசானவங்க, பசியோட இருக்காங்க. எனக்குக் கோவம் வருமா வராதா? புதனியைக் கூப்பிட்டேன். நல்லாக் கேட்டேன். "என் வாக்கு என்னாகறது? நீ இன்னிக்கு வைக்கலைன்னா நான் உன் வாசல்ல மிதிக்க மாட்டேன்"னேன். கடைசியில "அச்சா தீதி"ன்னா.

யாரு வீட்டுத் திதின்னு கேக்காதே. தூங்கறாங்க பாரு, நல்லாத் தூங்கட்டும். அவங்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. பிபி இருக்கு அவங்களுக்கு.

சாயங்காலம் படம் வந்துச்சு. அழகா வெச்சிருந்தா. தையல் இலை, மூணு கவளம், மேல ஒரு பூ. நான் உடனே அனுப்பிட்டேன். அவங்களும் சாப்பிட்டாங்க.

மறுநாள் காலையில லோட்டன் கூப்பிட்டான். அவன் என்கிட்ட போன்ல பேசுனதே கிடையாது. "அவ போயிட்டா"ன்னான். எங்க போயிட்டான்னு கேட்டேன், பாரு என் புத்தியை. இலையை வெச்சுப் படம் எடுத்திட்டுத் திரும்பியிருக்கா, பின்னாடியே நின்னிருக்கு. வரப்புல வெச்சே... விடு. சொல்ல முடியலை. சேலையை அடையாளம் வெச்சுத்தான் எடுத்தாங்களாம். நான் போனைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படியிலயே உக்காந்துட்டேன். அழுதேன்மா. என் வீட்டுக்காரருக்குக்கூட நான் அப்படி அழலை.

ஏப்பா டிரைவரு, அந்த ஹாரனை அடிச்சா முன்னாடி நிக்கிற லாரி பறந்து போயிருமா? சும்மா இரேன்ப்பா. அம்மாவுக்குத் தலை வலிக்குது.

எங்க விட்டேன்? ஆங். அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லை. செத்தவ செத்தா, அவ தலையெழுத்துன்னு மனசைத் தேத்திக்கலாம். கொஞ்ச நாள்ல லோட்டன் மறுபடியும் கூப்பிட்டான். அந்த யானை அங்கயே சுத்துதாம். இலை இல்லைன்னதும் ஊருக்குள்ள புகுந்து ரெண்டு வீட்டுச் சுவத்தைத் தள்ளி நெல்லைத் தின்னுட்டுப் போயிருக்கு. ஊரே சேர்ந்து இப்போ புதனியைத்தான் திட்டுதாம். இவதான் தீனி வெச்சு வெச்சு அதைக் கூப்பிட்டா, பேய் பிடிச்சவ, சூனியக்காரி, ஊருக்கே எமனைக் கொண்டாந்துட்டான்னு. பதிமூணாம் நாள் காரியத்துக்கு யாரும் வந்து சாப்பிட மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். அவங்க ஊர்ல, ஊர் வந்து உக்காந்து சாப்பிட்டாத்தான் காரியம் முடிஞ்சதா அர்த்தம். சாப்பிடலைன்னா அது ஒதுக்கி வெச்ச வீடு. பொண்ணுக்குப் பேசுன மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னான்.

"தீதி, நீங்க பங்குனி உத்திரத்துக்கு முக்திநாத் வர்றீங்கல்ல, வழியில எங்க ஊர்ல இறங்குங்க. ஊர்க்கூட்டத்துல நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அவளா வைக்கலை, எங்களுக்காகத்தான் வெச்சான்னு. அது போதும், அவ பேரு சுத்தமாயிரும்"னான். அவன் அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. "வர்றேன் லோட்டன், கண்டிப்பா வந்து சொல்றேன்"னேன். சொல்லணும்னுதான் நினைச்சேன். பொய் சொல்லலை. அவ ஆத்மா சாந்தியடையணும்னு எனக்கு மட்டும் இருக்காதா?

ஆனா இங்க, இதே பார்டர்ல, வண்டிப் பேப்பரைச் சரிபார்க்கிற ஒருத்தன்கிட்ட நைசாக் கேட்டுப் பார்த்தேன். அவன் சொன்னான், காட்டு மிருகத்துக்குத் தீனி போடறது பெரிய குத்தம், அதுலயும் ஆளு செத்திருந்தா விசாரணை அது இதுன்னு வண்டியையே நிறுத்தி வெச்சிருவாங்க, வாயைத் திறக்காதேம்மான்னு. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் மூணே நாளு. வண்டியில நாப்பது பேரு. அதுல ஒரு அம்மா ஆப்பரேசனைத் தள்ளிப் போட்டுட்டு வந்திருக்காங்க. இன்னொருத்தர் சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முக்திநாதரைப் பார்த்திரணும்னு சக்கர நாற்காலியோட வந்திருக்கார். இவங்களையெல்லாம் நடுவழியில விட்டுட்டு நான் போய்ப் போலீசு வாசல்ல நிக்கிறதா? நீயே சொல்லு.

பகுலியாவுல அன்னிக்குத்தான் அவளோட பதிமூணாம் நாளு. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொன்னேன். சாவு விழுந்த ஊரு, தீட்டு, யாரும் இறங்காதீங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும்தான் போனேன். புதனிக்குன்னு வாங்குன சேலை ஒண்ணு பையில இருந்துச்சு, பொண்ணுக்குக் கொடுக்கலாம்னு எடுத்துக்கிட்டேன். ஊரு முச்சூடும் ஒரு இலவமரத்தடியில உக்காந்திருக்கு. இம்புட்டு நாள் எங்களுக்குக் கோலாட்டம் ஆடுன பொம்பளைங்கதான், ஒருத்தி முகத்துல சிரிப்பு இல்லை. லோட்டன் மொட்டை அடிச்சு, வெள்ளைத் துணி கட்டி, கடைசியில உக்காந்திருக்கான். என்னைப் பார்த்ததும் எழுந்திரிச்சு நின்னான். எப்படி நின்னான்னா, பெருமூச்சு விட்டுட்டு நின்னான். வந்துட்டாங்கன்னு.

ஊர்த்தலைவர்னு ஒருத்தர், கட்டை குட்டையா, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார். "நீங்க எங்க விருந்தாளி. ஒண்ணே ஒண்ணு கேக்கறோம். நீங்க இல்லாத நாள்ல அந்தத் தீனியை வைக்கச் சொன்னது யாரு?"

நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன். ஜன்னல் பூரா தலை. அந்தச் சக்கர நாற்காலிக்காரர் கையை ஆட்டறார், நேரமாச்சுன்னு. கூட்டத்துல ரெண்டு மூணு பேரு போனை நீட்டிப் படம் எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் என்ன செய்வேன்?

"எனக்குத் தெரியாதுங்க. நாங்க வருசத்துக்கு மூணு தடவை வந்து போறவங்க. நாங்க இல்லாதப்போ அவ ஏன் வெச்சான்னு எனக்குத் தெரியாது"ன்னேன்.

இதுல பாதி உண்மைதானேம்மா? வெச்சது அவ கைதானே? நான் சாத்தூர்ல இருக்கேன், அவ அங்க இருக்கா. வேணாம்னு ஒரேயடியா நின்னிருந்தா நான் என்ன அடிச்சா வெச்சிருக்க முடியும்? செத்துப் போனவளுக்கு இனிமே பேரு என்ன, ஊரு என்ன. உசுரோட இருக்கற நாப்பது பேரை நான் பாக்கணும்ல.

லோட்டன் கத்துவான்னு பார்த்தேன். கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் மெதுவா உக்காந்துட்டான். ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சுத் துணியைத் தட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. என்னைக்கூட யாரும் திட்டலை. ஒரு கிழவி மட்டும் புதனி வீட்டுப் பக்கம் பார்த்துத் துப்பிட்டுப் போனா.

அவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் வண்டிக்குத் திரும்பணும். பார்க்கக்கூடாதுன்னுதான் நடந்தேன், பார்க்காம இருக்க முடியுதா? பெரிய பெரிய அண்டாவுல சோறு வடிச்சு வெச்சிருக்கு. பருப்பு ஆவி பறக்குது. அந்தச் சுனைனாப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாசல் நெடுக இலை போட்டுக்கிட்டே போகுது, ஊரே வரப் போகுதுங்கற மாதிரி. என்னைப் பார்த்ததும் ஓடி வந்துச்சு. சேலையை நீட்டுனேன், வாங்கலை. என்னை மௌசின்னுதான் கூப்பிடும், பெரியம்மான்னு. இந்தியில சொல்லுச்சு, "மௌசி, யாரும் வர மாட்டாங்க. வெளியாளு ஒருத்தர் முதல் இலையில உக்காந்து சாப்பிட்டாலும் பந்தி தொடங்குனதா ஆகும். அப்புறம் ஒருத்தர் ரெண்டு பேராவது வருவாங்க. நத்தை, மீன் எதுவும் சமைக்கலை. உங்க பானையிலதான் பொங்கியிருக்கேன். ஒரு வாய் சாப்பிடுங்க மௌசி"ன்னுச்சு.

கையைப் பிடிச்சுக்கிச்சும்மா. அவ அம்மா கை மாதிரியே காய்ச்சுப் போன கை.

இரு கண்ணு, வண்டியில சொல்லிட்டு வர்றேன்னு கையை உருவிக்கிட்டு வந்துட்டேன். வண்டியில ஏறுனா எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. என்னம்மா, சாவு வீட்டுக்குள்ள போனீங்களா, தொட்டீங்களா, உங்க கையால இனிமே எப்படி நாங்க பிரசாதம் வாங்கறதுன்னு. ஒரு குடம் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்திக்கிட்டேன், அங்கயே, ரோட்டோரத்துலயே, சேலையோட. அப்புறம்தான் விட்டாங்க. இதுல நான் எங்க திரும்பிப் போய்ப் பந்தியில உக்கார்றது? சாவு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு உத்திரத்தன்னிக்குப் பெருமாள் முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பேன்?

எனக்கு அந்த ஊர்ப் பொம்பளைங்க மேலதான் ஆத்திரம். அவ்வளவு வருசம் ஒண்ணாப் பழகுனவளுங்க. ஒருத்தியாவது வந்து உக்காந்து ஒரு பிடி தின்னா என்ன கொறைஞ்சு போவா? கல்நெஞ்சுக்காரிங்க. மனுசங்களை மனுசங்களா மதிக்கத் தெரியாத ஊரு. அதான் வேணாம்னு எடுத்துட்டேன் நோட்டீசுலேர்ந்து.

வண்டி கிளம்பற நேரத்துக்கு லோட்டன் வந்தான். என் ஜன்னலுக்கு நேரா வந்து நின்னான். கையில இலை, இலையில சோறு, பருப்பு. நம்ம ஆளுங்க பந்தியில பேசிக்கறதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு ரெண்டொரு தமிழ் வார்த்தை வரும் போலிருக்கு, எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். தமிழ்லயே கேட்டான்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

கோவமாக் கேக்கலை. குத்திக் காட்டலை. விருந்தாளியைக் கேக்கற மாதிரிதான் கேட்டான். இலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி என் பல்லுல படலை. ஈரச்சேலை, குளிர்ல நடுங்கிக்கிட்டு இருக்கேன்.

"ஆச்சு"ன்னேன்.

தலையை ஆட்டுனான். நான் கண்ணாடியை இழுத்துச் சாத்திட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். திருப்பத்துல வாசல் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு வரிசையா ஒவ்வொரு இலையிலயும் சோறு பரிமாறிக்கிட்டே போகுது. ஒரு இலையிலயும் ஆளு இல்லை.

மாப்பிள்ளை வீடா? போச்சு. கை நழுவிப் போச்சுன்னு அப்புறமா யாரோ சொன்னாங்க. படகை வித்துட்டு ரெண்டு பேரும் எங்கயோ போயிட்டாங்களாம். நான் விசாரிக்கலை.

தரிசனம் மட்டும் குறைவில்லாமக் கிடைச்சுதும்மா. உத்திரத்தன்னிக்கு விடிய முன்னாடியே போய் நின்னுட்டோம். நாப்பது பேருக்கும் கிடைச்சுது, ஒருத்தருக்குக்கூடத் தப்பலை.